மூன்று மாடிப் பெட்டி

ரானுயி, ஆக்லாந்து
28 ஏப்ரல் 1996

அன்புள்ள குணா,

போன ஞாயிற்றுக்கிழமை போனைப் பட்டென்று வைத்தது நான்தான் என்று நீங்கள் சொல்வீர்கள். நீங்கள்தான் என்று நான் சொல்வேன். யார் வைத்தால் என்ன, நாலைந்து வாரமாக போனில் நமக்கு வாய்த்தகராறைத் தவிர வேறொன்றும் நடக்கவில்லை. ரத்னா பொறுத்துப் பார்த்துவிட்டு, "ஜஸ்ட் ரைட் லெட்டர்ஸ், மம். யூ கான்ட் ஷவுட் இன் எ லெட்டர்" என்றாள். பதினாலு வயதுப் பெண்ணுக்கு இருக்கிற புத்தி நமக்கு இல்லை. அதனால் எழுதுகிறேன்.

முதலில் முக்கியமானது. ஜனவரியில் கோலாலம்பூருக்குப் போனபோது மூன்று மாதம் என்றீர்கள். ஏப்ரல் முடிகிறது. உங்கள் ரிட்டர்னிங் ரெசிடென்ட் விசா நவம்பர் முப்பதோடு முடிகிறது. அதற்குள் நீங்கள் இங்கே வந்து இறங்கவில்லை என்றால், அப்புறம் நீங்கள் இந்த வீட்டுக்கு விருந்தாளியாகத்தான் வர முடியும். வருகிறேன் என்றால் வருகிறேன் என்று எழுதுங்கள். இல்லை என்றால் அதையும் எழுதுங்கள். மழுப்ப வேண்டாம்.

இரண்டாவது, உங்கள் காதுக்கு வேறு யாராவது கொண்டுவருவதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். கராஜில் பியர் காய்ச்சுகிறேன். ஆமாம், பியர்தான். என்னோடு ஆஸ்பத்திரி லேபில் வேலை செய்கிற ஷெரில் என்னை இதில் இழுத்துவிட்டாள். இங்கே பாதி வீட்டில் இதைச் செய்கிறார்கள், சூப்பர்மார்க்கெட்டில் மால்ட் டப்பா பால் டப்பா பக்கத்திலேயே அடுக்கியிருக்கிறது. நான் குடிப்பதில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். அரை கிளாஸ் குடிக்கிறேன். அதற்குமேல் எனக்குப் பிடிக்கவில்லை. பிடித்திருப்பது அது புளிப்பதைப் பார்ப்பது.

சிக்கல் இதுதான். ஷெரிலுக்கு வேண்டிய லாகர் என்கிற வெளிர் பியர் பத்து டிகிரியில் புளிக்க வேண்டும். என்னுடைய கறுப்பு பியருக்குப் பதினெட்டு. பாட்டிலில் அடைத்தபின் வாயு பிடிக்க இருபத்தைந்து டிகிரியாவது வேண்டும். கையில் இருப்பது ஒரே ஒரு பழைய ஃப்ரிட்ஜ். ஒரு ஃப்ரிட்ஜில் மூன்று குளிர் எப்படி வரும்? சனிக்கிழமை அதன் பக்கச் சுவரில் துளை போட்டு, பக்கத்தில் இன்னொரு பெட்டி வைத்துக் குளிரை அங்கே இழுக்கலாம் என்று இருக்கிறோம். ஏர்கண்டிஷன் எஞ்சினியர் ஒருவரைக் கட்டிக்கொண்டு இதைக்கூடக் கேட்காமல் இருந்தால் எப்படி.

திலகா


பிரிக்ஃபீல்ட்ஸ், கோலாலம்பூர்
9 மே 1996

திலகா,

கடிதம் கிடைத்தது. மூன்று முறை படித்தேன். நீ எழுதியதுதானா என்று கையெழுத்தைப் பார்த்தேன்.

எங்கள் அப்பாவை உனக்குத் தெரியும். சுங்கை சிப்புட் தோட்டத்தில் சம்பள நாளன்று கள்ளுக்கடை வாசலில் விழுந்து கிடந்தவரை அம்மாவும் நானும் கைத்தாங்கலாகக் கூட்டிவருவோம். அந்த வாடை எனக்கு இன்னும் போகவில்லை. கல்யாணத்துக்கு முன் உன்னிடம் நான் சொன்ன ஒரே நிபந்தனை, வீட்டில் குடி கூடாது என்பதுதான். இப்போது என் கராஜில், என் வேலை மேசையில் நீ அதையே செய்துகொண்டு, அதற்கு என்னிடம் யோசனை வேறு கேட்கிறாய்.

விசாவைப் பற்றி. அந்த ஊரில் இரண்டு வருடம் நான் என்ன வேலை செய்தேன் என்று உனக்கு மறந்திருக்கலாம். எனக்கு மறக்கவில்லை. ஹோட்டல்களுக்குக் குளிர் அறை வரைந்தவன் நான். என்னை மவுண்ட் வெல்லிங்டனில் ஒரு கோல்ட் ஸ்டோருக்குள் நிறுத்தி உறைந்த பட்டாணிப் பெட்டி அடுக்கவிட்டார்கள். லோக்கல் எக்ஸ்பீரியன்ஸ் இல்லையாம். குளிருக்கு எந்த ஊர் அனுபவம் வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை. இங்கே இறங்கியதும் வேலை கொடுத்தார்கள். ஊரெல்லாம் கட்டடம் எழும்புகிறது. மனிதர்கள் என்னை 'சார்' என்கிறார்கள்.

ரத்னாவுக்கு டிசம்பரில் பள்ளி வருடம் முடிகிறது. வீட்டை விற்றுவிட்டு இருவரும் இங்கே வந்துவிடுங்கள். இதுதான் என் பதில்.

குணசீலன்

பி.கு. பக்கச் சுவரில் துளை போடாதே. அந்தப் பழைய மாடல்களில் கேஸ் குழாய் பக்கச் சுவருக்குள்தான் ஓடும்.


ரானுயி
21 மே 1996

அன்புள்ள குணா,

உங்கள் பின்குறிப்பு வந்தது. சனிக்கிழமை அதற்கு முன்பே வந்துவிட்டது.

ஷெரில் டிரில்லைப் பிடித்தாள், நான் ஃப்ரிட்ஜைப் பிடித்தேன். உஸ்ஸென்று ஒரு சத்தம். ஷெரில் மெதுவாக, "தட்ஸ் நாட் குட், இஸ் இட்?" என்றாள். ஃப்ரிட்ஜ் போயே போய்விட்டது. நீங்கள் இங்கே இருந்திருந்தால் சத்தம் போட்டிருப்பீர்கள், ஃப்ரிட்ஜ் பிழைத்திருக்கும்.

மாமாவைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அவர் பட்டதையும் மாமி பட்டதையும் நான் மறக்கவில்லை. உங்கள் நிபந்தனை எனக்கு நினைவிருக்கிறது. உங்களைக் குடிக்கவிட மாட்டேன் என்றுதான் நான் வாக்குக் கொடுத்தேன். பியரை வெறும் வாடையாக நீங்கள் பார்க்கிறீர்கள். நான் வாரம் ஐந்து நாளும் மற்றவர்களுடைய இரத்தத்திலும் சளியிலும் கிருமி தேடுகிறவள். கண்டுபிடித்தால் அது யாருக்கோ கெட்ட செய்தி. இந்த ஈஸ்ட் ஒன்றுதான் நான் நல்லபடியாக வளர வேண்டும் என்று ஆசைப்பட்டுப் பார்த்துக்கொள்கிற கிருமி. வீட்டில் ஆள் இல்லாத ஒரு பெண் சாயங்காலங்களில் என்ன செய்வாள் என்று நீங்கள் நினைத்தீர்கள்?

டிசம்பரில் வீட்டை விற்கச் சொல்கிறீர்கள். ஜனவரியில் போகும்போது என்னைக் கேட்டா போனீர்கள்? டிக்கெட்டை எடுத்துக்கொண்டு வந்து மேசையில் வைத்தீர்கள். இப்போது வீட்டை விற்பதையும் அதே மாதிரி மேசையில் வைக்கிறீர்கள். நான் விற்கப் போவதில்லை. எனக்கு இங்கே நல்ல வேலை இருக்கிறது. ரத்னா இங்கே சிரிக்கிறாள். முன்பு நாம் இருந்த ஈப்போவில் அவள் சிரித்து நான் பார்த்ததில்லை, டியூஷனுக்கும் பள்ளிக்கும் நடுவே அதற்கு நேரமில்லை.

ஷெரிலின் தங்கை ஒரு நிமிர்ந்த ஃப்ரீசர் கொடுத்திருக்கிறாள். இதில் எங்கே துளை போடக் கூடாது என்பதை மட்டுமாவது எழுதுங்கள்.

திலகா


பிரிக்ஃபீல்ட்ஸ்
4 ஜூன் 1996

திலகா,

எங்கேயும் துளை போடாதே.

நீங்கள் இருவரும் குளிரை ஏதோ தண்ணீர்க் குழாய் மாதிரி நினைத்திருக்கிறீர்கள். ஃப்ரீசரின் கதவைக் கழற்று. கதவு இருந்த இடத்தில் பலகைப் பெட்டி ஒன்றைக் கட்டி, அதன் திறந்த பக்கத்தை ஃப்ரீசரின் வாயோடு சேர்த்து ஒட்டு. நடுவே ரப்பர் பட்டை. பெட்டிக்குள் மூன்று மாடி, கீழ் மாடி மட்டும் ஃப்ரீசரைப் பார்த்துத் திறந்திருக்கட்டும். குளிர் எப்போதும் கீழே இறங்கும், அதனால் கீழ் மாடி லாகருக்கு. கீழ் மாடியின் கூரையில் கம்ப்யூட்டருக்குள் இருக்குமே அந்தச் சின்ன ஃபேன் ஒன்று. நடு மாடியின் தெர்மோஸ்டாட் 'சூடு' என்று சொன்னால் மட்டும் அது சுற்றிக் கொஞ்சம் குளிரை மேலே தள்ளும். சொல்லாவிட்டால் சும்மா இருக்கும். மேல் மாடியின் தரையிலும் அப்படியே ஒரு ஃபேன், வெயில் காலத்துக்கு. மற்ற நாளில் மேல் மாடிக்கு ஒரு பல்பு போதும், அந்தச் சூடே பாட்டிலுக்குக் காணும்.

ஃப்ரீசர் ஒன்றுதான் குளிர் கொடுக்கிறது. மற்ற அறைகள் தமக்கு வேண்டிய அளவு கேட்டு வாங்கிக்கொள்கின்றன. இதுதான் விஷயம். ஹோட்டலுக்கும் இதைத்தான் செய்கிறோம்.

வரைபடம் இணைத்திருக்கிறேன். அளவெல்லாம் மில்லிமீட்டரில். சுவருக்கு இரண்டு அங்குல பாலிஸ்டைரீன் நுரைப்பலகை, ஒரு மூலையிலும் இடைவெளி இருக்கக் கூடாது.

இதை பியருக்காகச் செய்தேன் என்று எண்ணாதே. தப்பாகக் கட்டிய பெட்டி ஒன்று என் வீட்டில் இருக்கிறது என்று நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை.

கோயிலில் நாலு பேருக்குத் தெரியாமல் பார்த்துக்கொள். வீட்டை விற்பது பற்றி நீ எழுதியதற்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. யோசிக்கிறேன்.

குணசீலன்


ரானுயி
30 ஜூன் 1996

அன்புள்ள குணா,

பெட்டி நிற்கிறது. வேலையும் செய்கிறது. கீழே பத்து, நடுவில் பதினெட்டு, மேலே இருபத்தெட்டு. முதல் நாளெல்லாம் போகிறபோதும் வருகிறபோதும் மூன்று தெர்மாமீட்டரையும் பார்த்தேன். எனக்கே சிரிப்பாக இருந்தது.

பாலிஸ்டைரீன் மீன் கடையிலிருந்து வாங்கிய பெட்டிகளை வெட்டியது. எத்தனை கழுவினாலும் முதல் வாரம் ஸ்னாப்பர் வாடை. ஃபேன் வயர்களை ரத்னா ஈயம் வைத்துப் பற்றவைத்தாள். உங்கள் வரைபடத்தைச் சுவரில் ஒட்டிவைத்து, "டாட் ட்ராஸ் லைக் எ மெஷின்" என்றாள். அதை அங்கிருந்து எடுக்கவிட மாட்டேன் என்கிறாள்.

நாலு பேருக்குத் தெரியக் கூடாது என்றீர்கள். அந்தக் கதையையும் கேளுங்கள். த்ரீ கிங்ஸில் இருக்கிற ரங்கநாதன் சாரும் பங்கஜம் மாமியும் பெட்டி கட்டி முடித்த வாரமே வந்தார்கள். மெட்ராஸ்காரர்கள், வெங்காயம்கூட வெள்ளிக்கிழமை தொட மாட்டார்கள். மாமி குளிரில் மாவு பொங்கவில்லை, இட்லி கல்லாக வருகிறது என்று அழாத குறை. ஆக்லாந்து ஜூன் மாதம் உங்களுக்குத் தெரியும், மாவு மூன்று நாள் ஆனாலும் வைத்தபடியே இருக்கும். நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், "மேல் மாடியில் இருபத்தெட்டு டிகிரி இருக்கிறது மாமி" என்று சொல்லிவிட்டேன். சொன்னபின்தான் கீழே இருப்பது என்ன என்பது உறைத்தது.

மாமி கராஜுக்குள் வந்தார். பெட்டியைச் சுற்றிப் பார்த்தார். கீழ் மாடியில் குமிழி விடுகிற வாளியைப் பார்த்தார். எல்லாம் புரிந்துவிட்டது. "திலகா, கீழ் வீட்ல யார் குடியிருந்தா நமக்கென்ன, நம்ம மாவு மாடியிலதானே இருக்கப்போறது" என்றார். மறுநாள் காலையில் மாவு தூக்கு நிறைய நுரைத்து நின்றது. இப்போது வெள்ளிக்கிழமை சாயங்காலமானால் மாமியுடையது, கோயிலில் பழக்கமான சீதாதேவியுடையது, என்னுடையது என்று மேலே மூன்று பாத்திரம். பாட்டிலுக்கு இடமில்லை என்று ஷெரில் முனகுகிறாள். ஒரு தோசை கொடுத்தால் முனகலை நிறுத்திவிடுவாள்.

நீங்கள் வரைந்த பெட்டி, குணா. உங்கள் கை பட்டது மாதிரி வீட்டில் ஒன்று இருப்பது எனக்கு நன்றாக இருக்கிறது. இதை போனில் சொல்லியிருக்க மாட்டேன்.

திலகா


பிரிக்ஃபீல்ட்ஸ்
16 ஜூலை 1996

அன்புள்ள திலகா,

இருபத்தெட்டுக்கு மேலே போகவிடாதே. பல்பை நாற்பது வாட்டிலிருந்து இருபத்தைந்துக்கு மாற்று.

மாமியின் பேச்சை ஆபீசில் சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள். யாரிடமும் பியரைச் சொல்லவில்லை, கீழ் மாடியில் ஊறுகாய் என்று சொல்லிவைத்தேன்.

இனி ஒரு செய்தி. கம்பெனியில் என்னை டிசைன் பிரிவுக்குத் தலைவராகப் போடுகிறார்கள். மூன்று ஹோட்டல், ஒரு மருத்துவமனை. ஆனால் மூன்று வருட ஒப்பந்தம். செப்டம்பர் கடைசிக்குள் கையெழுத்துப் போடச் சொல்கிறார்கள். போட்டால் நவம்பரில் நான் அங்கே வர முடியாது. விசா போகும். உனக்குத் தெரியாதது ஒன்றுமில்லை.

பெருமையாக இருக்கிறது என்பதை உன்னிடம் மறைக்க மாட்டேன். நாற்பத்திரண்டு வயதில் இதற்குத்தான் காத்திருந்தேன். ஆனால் செய்தி கேட்ட அன்று சாயங்காலம் அறைக்கு வந்தால் சொல்வதற்கு ஆள் இல்லை. வீட்டுக்கார ரதிதேவி அம்மாவிடம் சொன்னேன். "நல்லதுங்க தம்பி, தண்ணி நிக்கிறதுக்குள்ள துணிய துவைச்சிருங்க" என்றார். பிறகு கீழே ஒட்டுக்கடையில் தனியாக உட்கார்ந்து ரொட்டி சானாய் சாப்பிட்டேன்.

நீயும் ரத்னாவும் வந்தால் நல்ல வீடாகப் பார்க்கிறேன். உனக்கும் இங்கே லேபில் வேலை கிடைக்கும். வா என்று கேட்கிறேன். மேசையில் வைக்கவில்லை, கேட்கிறேன்.

குணா


ரானுயி
5 ஆகஸ்ட் 1996

அன்புள்ள குணா,

உங்கள் பெட்டியால் எங்கள் பியர் முழுவதும் பாழ். முதலில் அதைச் சொல்லித் தீர்த்துவிடுகிறேன், அப்போதுதான் மற்றது எழுத வரும்.

வெள்ளிக்கிழமை தன் சிநேகிதி கௌரி வீட்டில் விசேஷம் என்று மாமி இரண்டு மடங்கு அரைத்துக்கொண்டு வந்தார். தூக்கை விளிம்புவரை நிரப்பியிருந்தார், நானும் கவனிக்கவில்லை. சனிக்கிழமை வெளியே போய்விட்டுச் சாயங்காலம் வந்து பார்த்தால் மாவு பொங்கி வழிந்து, மேல் மாடித் தரையில் நீங்கள் வைத்த ஃபேன் ஓட்டை வழியாக நடு மாடிக்கு இறங்கி, அங்கேயும் நிற்காமல் கீழே போயிருக்கிறது. இரண்டு ஃபேனும் மாவில் சிக்கி நின்றுவிட்டன. நடு மாடி சூடாகிவிட்டது. இரண்டு வாளிக்கும் மூடியைச் சரியாக அழுத்தாமல் விட்டிருந்தோம். உள்ளே மாவு.

லேபில் பதினைந்து வருடமாக ஒரு கிருமி இன்னொன்றோடு கலக்கக் கூடாது என்று மற்றவர்களுக்குப் பாடம் எடுக்கிறவள் நான். வீட்டில் உளுந்து மாவையும் பியரையும் ஒரே பெட்டியில் வைத்தேன். ஷெரில் ஒரு வாய் குடித்துப் பார்த்தாள், முகம் சுருங்கிவிட்டது. நானும் குடித்தேன். மோர்தான். பெருங்காயம் ஒன்றுதான் குறை. அக்டோபரில் பியர் காய்ச்சுகிறவர்களின் கிளப் நடத்துகிற போட்டிக்கு வைத்திருந்தது. நாற்பது லிட்டரையும் எலுமிச்சை மரத்தடியில் ஊற்றினோம். மாமி வந்து "என்னால ஆச்சே" என்று கையைப் பிசைந்தார். ஒரு பியர் வீணானதற்காக அவர் வருத்தப்பட்டதை அவர் மாமனார் பார்த்திருக்க வேண்டும்.

இப்போது மற்றது.

நான் வரவில்லை, குணா. நீங்கள் அழகாகக் கேட்டீர்கள், அதற்காகவே இரண்டு நாள் அழுதேன். ஆனாலும் வரவில்லை. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாதீர்கள் என்றும் சொல்ல மாட்டேன். அது நீங்கள் உழைத்து வாங்கியது. எனக்கு நீங்கள் வேண்டும். இதைச் சுற்றி வளைக்காமல் எழுதுகிறேன். சாப்பாட்டு மேசையில் எதிரே உட்கார்ந்து உப்பு கம்மி என்று சொல்ல நீங்கள் வேண்டும்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். நீங்கள் பட்டாணி அடுக்கியதை ஒரு நாளும் நான் கேவலமாக நினைத்ததில்லை. விறைத்த கையோடு வருவீர்கள், பேசாமல் படுத்துவிடுவீர்கள். அங்கே என்ன நடந்தது என்று நீங்கள் சொல்லவே இல்லை. வெறும் குளிருக்காக ஒரு மனிதன் இப்படி ஊரைவிட்டுப் போக மாட்டான்.

திலகா


பிரிக்ஃபீல்ட்ஸ்
19 ஆகஸ்ட் 1996

அன்புள்ள திலகா,

கடிதத்தை ஆபீசில் பிரித்தேன். ஃபேன் ஓட்டை வழியாக மாவு இறங்கிய இடத்தில் சிரித்துவிட்டேன். எத்தனை மாதமாயிற்று நான் அப்படிச் சிரித்து. பக்கத்து மேசைக்காரர் எழுந்து வந்துவிட்டார்.

அது வரைந்தவன் தப்பு. பாட்டில் நிற்கப்போகிற அறை என்று நினைத்துத் தரையில் ஓட்டை வைத்தேன். பொங்குகிற பொருள் வரும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லாவிட்டாலும், தமிழர் வீட்டில் இருபத்தெட்டு டிகிரியில் ஓர் அறை கட்டினால் அதற்குள் முதலில் எது போகும் என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். புது வரைபடம் இணைத்திருக்கிறேன். மேல் ஃபேனைத் தரையிலிருந்து எடுத்துப் பின் சுவரில் உயரத்தில் வை, நடு மாடியிலிருந்து காற்று பக்கவாட்டுக் குழாயில் ஏறட்டும். மேல் தரை ஒரே தகடாக, விளிம்பு மடித்து, தாம்பாளம் மாதிரி இருக்கட்டும். மாமியிடம் முக்கால் பாத்திரத்துக்கு மேல் கூடாது என்று நான் சொன்னதாகச் சொல்.

நீ கேட்டதற்குப் பதில். அந்தக் கோல்ட் ஸ்டோரில் மூன்றாவது கதவின் அடி ரப்பர் சரியாக உட்காரவில்லை. உள்ளே ஈரக் காற்று போய்த் தரையில் பனிக்கட்டி படியும். தினம் இருவர் வழுக்கி விழுவார்கள். நான் காகிதத்தில் வரைந்து மேற்பார்வையாளரிடம் கொண்டுபோனேன். அவர் கெட்டவர் இல்லை. சிரித்துக்கொண்டே, "யூ ஜஸ்ட் ஸ்டாக், மேட்" என்று, உன் வேலை அடுக்குவது மட்டும் என்பதுபோல் முதுகில் தட்டினார். காகிதத்தை வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. திட்டியிருந்தால்கூடப் பொறுத்திருப்பேன். அந்தத் தட்டலோடு எட்டு மாதம் அந்தக் கதவைப் பார்த்துக்கொண்டு அடுக்கினேன். உன்னிடம் சொன்னால் நீ அங்கே போய் அவரை உலுக்கிவிடுவாய் என்றுதான் சொல்லவில்லை.

ஒப்பந்தம் மேசையில் இருக்கிறது. இன்னும் கையெழுத்துப் போடவில்லை. போட மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

குணா


ரானுயி
8 செப்டம்பர் 1996

அன்புள்ள குணா,

உலுக்கித்தான் இருப்பேன். இப்போதும் மவுண்ட் வெல்லிங்டன் பக்கம் போகாமல் கையைக் கட்டிக்கொண்டு இருக்கிறேன்.

தாம்பாளம் வைத்தாயிற்று. மாமியிடம் முக்கால் பாத்திரம் என்று சொன்னேன். "எஞ்சினியர் சொன்னா சரி" என்று தலையாட்டிவிட்டார், நான் சொன்னால் கேட்டிருக்க மாட்டார். புதிய லாகர் கீழே இருக்கிறது. போட்டிக்கு ஆகுமோ ஆகாதோ தெரியாது, குமிழி நன்றாக விடுகிறது.

போன சனிக்கிழமை கிளப்பிலிருந்து ஏழெட்டுப் பேர் பெட்டியைப் பார்க்க வந்தார்கள். சுவரில் ரத்னா ஒட்டியிருந்த உங்கள் வரைபடத்தின் முன்னால் நின்று ரொம்ப நேரம் பேசினார்கள். அதில் ஒருவர் குமியு பக்கம் சீஸ் செய்கிறவர். அவருடைய குளிர் அறையில் ஒரு மூலை எப்போதும் நனைந்தே இருக்கிறதாம், சீஸ் பூசணம் பிடிக்கிறதாம். மூன்று பேரைக் கூப்பிட்டுக் காட்டிவிட்டார், சரியாகவில்லை. யார் வரைந்தது என்று கேட்டார். என் வீட்டுக்காரர், கோலாலம்பூரில் இருக்கிறார் என்றேன். "அவர் ஒரு தடவை வந்து பார்த்து, எங்கே தப்பு என்று சொன்னால் கேட்டுக்கொள்வேன்" என்றார்.

அவ்வளவுதான். இது வேலை இல்லை. ஒரு மூலை நனைந்த குளிர் அறை. இதை உங்களுக்கு வலை விரிக்க எழுதவில்லை. நடந்ததைச் சொல்கிறேன். நீங்கள் மூன்று ஹோட்டலை விட்டுவிட்டு ஒரு சீஸ் அறைக்கு வர வேண்டும் என்று எந்த மனைவி எழுதுவாள்.

ரத்னாவும் ஒரு வரி எழுதுகிறாளாம். அவள் தமிழ் எழுத்தைப் பார்த்துச் சிரிக்காதீர்கள்.

திலகா

அபா நிங்க வாங்க. பேன் சரிய சுதுது.


பிரிக்ஃபீல்ட்ஸ்
1 அக்டோபர் 1996

அன்புள்ள திலகா,

நேற்று டைரக்டர் அறைக்குப் போனேன். பேனாவைத் திறந்துகூட வைத்துவிட்டேன். ஒப்பந்தம் முடியும் தேதி எழுதும் இடத்தில் 1999 என்று அச்சடித்திருந்தது. ரத்னாவுக்குப் பதினேழு வயது ஆகியிருக்கும். அப்போது அவள் 'அப்பா' என்பதை எப்படி எழுதுவாள், எழுதுவாளா என்று யோசித்தேன். பேனாவை மூடினேன். டைரக்டர் நல்ல மனிதர், காரணம் கேட்டார். சொன்னேன். "என் மகன் பெர்த்தில இருக்கான் குணசீலன், வருசத்துக்கு ஒரு தடவ பாக்குறேன்" என்றார். அவ்வளவுதான் பேச்சு.

நவம்பர் பதினாறாம் தேதி விமானத்தில் ஏறுகிறேன். பதினேழு காலை அங்கே.

இது சீஸ்காரருக்காக இல்லை என்று எழுத ஆசைதான். பாதி பொய்யாகிவிடும். 'கேட்டுக்கொள்வேன்' என்று அவர் சொன்னதாக நீ எழுதியிருந்தாயே, அந்த வரியை எத்தனை முறை படித்தேன் என்று உனக்குச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. அவரிடம் கேட்டு வை: கதவைத் திறக்கும்போது காற்று உள்ளே போகிறதா, வெளியே வருகிறதா? நனைகிற மூலை கதவுக்கு எந்தப் பக்கம்? இல்லை, வேண்டாம். இதெல்லாம் எழுத்தில் வராது. கையை வைத்துப் பார்த்தால்தான் தெரியும்.

இங்கே நான் பெரிய ஆள்தான் திலகா. அதை விட்டுவிட்டு வருவது வலிக்கிறது. நாளைக்கு அங்கே மறுபடி பெட்டி அடுக்க வேண்டி வந்தால் அடுக்குவேன். ஆனால் இந்தத் தடவை ரப்பர் சரியில்லை என்றால், கேட்கிறவரை சொல்லிக்கொண்டே இருப்பேன். உன்னிடமும் சொல்வேன்.

பியர் கராஜிலேயே இருக்கட்டும். சாப்பாட்டு மேசைக்கு வர வேண்டாம். அதைப் பற்றி நேரில் சண்டை போட்டுக்கொள்ளலாம்.

குணா


ரானுயி
9 நவம்பர் 1996

அன்புள்ள குணா,

இந்தக் கடிதம் பிரிக்ஃபீல்ட்ஸ் வந்து சேரப் பத்து நாளாவது ஆகும். நீங்கள் பதினாறாம் தேதி ஏறிவிடுவீர்கள். அதனால் இதை நீங்கள் படிக்கப் போவதில்லை. தெரிந்தேதான் எழுதுகிறேன். உங்களுக்கு எழுதிப் பழகிவிட்டது, கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது.

போட்டியில் எங்கள் லாகருக்குப் பரிசு இல்லை. நாலாவது என்றார்கள். 'சுத்தமான பியர்' என்று நடுவர் எழுதியிருந்தார். ஆகஸ்டில் மோர் குடித்தவளுக்கு அது போதும்.

உங்கள் வேலை மேசையைக் காலிசெய்து உங்களுக்கே திருப்பிக் கொடுத்துவிட்டேன். வரைகிற பலகையைத் துடைத்து வெளிச்சம் விழுகிற பக்கம் போட்டிருக்கிறேன். ரத்னா வாசலுக்கும் ஜன்னலுக்கும் நடந்துகொண்டிருக்கிறாள், இன்னும் ஒரு வாரம் இருக்கிறது என்றால் "ஐ நோ, மம்" என்று எரிந்து விழுகிறாள். பங்கஜம் மாமி பதினேழாம் தேதி இட்லி தன் பொறுப்பு என்று சொல்லிவிட்டார்.

நீங்கள் படிக்க மாட்டீர்கள் என்பதால் இதையும் எழுதிவிடுகிறேன். எனக்குப் பயமாக இருந்தது, குணா. வர மாட்டேன் என்று ஆகஸ்டில் எழுதிப் போட்டுவிட்டு, தபால் பெட்டிக்குள் கையை விட்டு எடுக்க முடியுமா என்று பார்த்தேன். கை உள்ளே போகவில்லை. தைரியக்காரி என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருப்பீர்கள். உங்கள் ஒவ்வொரு கடிதத்தையும் பிரிப்பதற்கு முன் ஒரு கோப்பி போட்டுக் குடித்துவிட்டுத்தான் பிரித்தேன். இப்போதும் அந்தப் பயம் முழுசாகப் போகவில்லை. நீங்கள் கதவுக்குள் வந்து செருப்பைக் கழற்றும்வரை போகாது.

ஒருவேளை இதை நீங்கள் அந்த அறையில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தால், நீங்கள் ஏறவில்லை என்று அர்த்தம். அப்படியானால் எனக்குப் பதில் எழுத வேண்டாம்.

ரதிதேவி அம்மா உறைமேல் 'ஆள் இல்லை' என்று எழுதி இதை எனக்கே திருப்பி அனுப்ப வேண்டும். அனுப்புநர் முகவரியைப் பெரிதாக, நன்றாகத் தெரியும்படி எழுதியிருக்கிறேன்.

திலகா